ஓடாத ரோல்

முப்பத்தாறு முடிந்து முப்பத்தேழாவது படமும் விழுந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. முப்பத்தெட்டு விழுந்தபோது இன்னும் சந்தோஷம்.

சிறுமலையில் ஒரு சனிக்கிழமை. மாலை நான்கு மணி இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம், பொங்கல் முடிந்த குளிர். பலாமரத்தடியில் நின்று, வாழைத்தார் சுமந்து வந்த குதிரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் புகைப்படச் சங்கத்தில் கடையில் ரோல் வாங்கும் பழக்கம் கிடையாது. நீளமான பிலிம் சுருளை மொத்தமாக வாங்கி, பழைய டப்பிகளில் நாங்களே சுற்றிக்கொள்வோம். ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம் என்பது கணக்கு, ஆனால் கைக்கணக்கில் சுற்றுவதால் ஒன்றிரண்டு கூடக் குறைய வரும். கூட வந்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்வோம்.

முப்பத்தொன்பது. நாற்பது. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவளுக்கு நாற்பதிலாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். பேராசை கண்ணை மறைத்துவிட்டது. நாற்பத்தொன்றில்தான் வந்தது.

கேமராவின் இடப் பக்கம், மேலே ஒரு சின்னக் குமிழ் உண்டு. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் லீவரைத் தள்ளுவோம் அல்லவா, அப்போது உள்ளே பிலிம் நகர்ந்தால் அந்தக் குமிழும் கூடவே சுற்றும். காலையிலிருந்து அந்தப் பக்கமே நான் பார்க்கவில்லை. இப்போது பார்த்துக்கொண்டே லீவரைத் தள்ளினேன். குமிழ் அசையவில்லை. லீவர் முட்டும்வரை தள்ளினேன். பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

பிலிம் முனை உள்ளே சக்கரத்தில் மாட்டவே இல்லை. காலையிலிருந்து நாற்பத்தொரு தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் எடுத்தது வெறும் சத்தம்.

அந்தச் சாவி எனக்கு எதற்கு

அன்று என் கையைவிட்டு எது போய்க்கொண்டிருந்தது என்று புரிய வேண்டுமானால் சங்கத்தின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

திண்டுக்கல்லில் எங்கள் சங்கத்தில் பதினான்கு ஆண்கள். பதினைந்தாவதாக நான், ரெஜினா டீச்சர். வெளிநாட்டு வேலைக்குப் போன தம்பி ஆசையாக வாங்கிவந்து, மூன்றே மாதத்தில் அலுத்துப்போன கேமரா என் கையில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நானாகப் போய்ச் சேர்ந்தேன். யாரும் அழைக்கவில்லை.

வருஷத்தில் ஒரு சனி, ஞாயிறு எல்லாரும் ஓரிடத்தில் கூடுவோம். ஆளுக்கு ஒரு ரோல். சனிக்கிழமை முழுக்க எடுத்து, அந்தி சாய்ந்ததும் அங்கேயே ஓர் அறையை இருட்டாக்கிக் கழுவி, அவரவருக்குப் பிடித்த ஒரே ஒரு படத்தை அச்சுப் போட வேண்டும். ஞாயிறு காலை பதினைந்து படங்களும் பேர் இல்லாமல் கயிற்றில் தொங்கும். எந்த ஊரில் கூடுகிறோமோ அந்த ஊர்க்காரர்கள்தான் நீதிபதிகள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு கொட்டாங்கச்சி. பிடித்த படத்துக்குக் கீழே ஆளுக்கு ஒரு தானிய மணி போடுவார்கள்.

புதிதாக வருகிறவர் மூன்று கூடுகைக்குள் ஒரு தடவையாவது முதல் ஐந்துக்குள் வர வேண்டும். அதுவரை அவர் விருந்தாளி. மூன்றிலும் வராவிட்டால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். வந்துவிட்டால் உறுப்பினர். உறுப்பினருக்குத்தான் சாவி.

நாகல்நகரில் லூர்து அண்ணனின் பூட்டுப் பட்டறைக்குப் பின்னால் சங்கத்தின் படம் கழுவும் இருட்டறை இருந்தது. பூட்டுக்குப் பேர்போன ஊரில் பூட்டு இல்லாமல் ஒரு சங்கம் நடக்குமா? லூர்து அண்ணன் செய்த பூட்டு அது. புதிய உறுப்பினருக்கு அவரே கூடுகையில் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் அரத்தால் ராவிச் சாவி செய்து கொடுப்பார்.

எனக்குப் பள்ளிக்கூடம் நாலேகாலுக்கு விடும். சாவி வைத்திருந்த ஆண்கள் இருட்டறைக்கு வருவது ஏழு மணிக்கு மேல். அந்நேரம் நான் அடுப்படியில் இருப்பேன். ஆக, சாவி இல்லாவிட்டால் எனக்கு இருட்டறையே இல்லை. சாவி இருந்தால் நாலரையிலிருந்து ஆறு வரை ஒன்றரை மணி நேரம் என்னுடையது. அந்தக் காலத்தில் யாரும் என்னைக் கூப்பிடாத, எதையும் கேட்காத ஒன்றரை மணி நேரம் எனக்கு வேறு எங்கேயும் கிடையாது. அதற்காகத்தான் அலைந்தேன். கலைத் தாகம் என்றெல்லாம் சொன்னால் பாதிப் பொய்.

கோழி தின்ற ஓட்டு

முதல் கூடுகை ஊருக்குள்ளேயே, மலைக்கோட்டை அடிவாரத்தில் நடந்தது. பெண் தனியாக வரக் கூடாது என்று செயலாளர் துரைராஜ் சார் சொன்னதால் என் வீட்டுக்காரரையும் கூட்டிப் போனேன். அவர் இரண்டு நாளும் பிரியாணி சாப்பிட்டு, சீட்டாடி, எல்லாருக்கும் சிநேகிதராகிவிட்டார். அடுத்த வருஷம் என்னிடம் நீங்கள் வருகிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. உங்கள் சார் வருகிறாரா என்று கேட்டார்கள்.

அந்த வருஷம் தொங்கிய பதினைந்து படங்களில் பதினொன்று மலைக்கோட்டை. என்னுடையதும் அதில் ஒன்று. எனக்கு விழுந்தவை இரண்டு மணி. ஒன்று என் வீட்டுக்காரர் போட்டது.

இரண்டாவது கன்னிவாடியில். மலையின் நிழல் ஒரு பருத்திக் காட்டைப் பாதி மூடியிருந்த படம் என்னுடையது. ஓட்டுக்கு மக்காச்சோளம் வைத்திருந்தார்கள். என் கொட்டாங்கச்சியில் குறைந்தது ஒன்பது மணி விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். எல்லாரும் சாப்பிடப் போய்த் திரும்பி வந்தபோது ஒரு கோழி என் படத்துக்குக் கீழே நின்று கடைசி மணியைக் கொத்திக்கொண்டிருந்தது.

துரைராஜ் சார் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். விதி என்றால் விதி. இருப்பதைத்தான் எண்ண முடியும் என்றார். அப்படியானால் கோழியின் ஓட்டையாவது எனக்குப் போடுங்கள், அது வேறு எந்தப் படத்துக்கும் போகவில்லையே என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடுத்த வருஷத்திலிருந்து மக்காச்சோளத்துக்குப் பதில் மிளகு. கோழி மிளகைத் தொடாது. சங்கத்துக்கு நான் செய்த முதல் சேவை அது.

எனக்குத் தெரியும்

மூன்றாவதுதான் சிறுமலை. இதில் தவறினால் அவ்வளவுதான். என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. அந்த ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர் வீட்டில் தங்கிக்கொள்வதாகச் சொல்லித் தனியாகக் கிளம்பினேன்.

நாங்களே சுற்றிய ரோல் என்பதால் அதன் முனையையும் நாங்களே நாக்கு மாதிரி வெட்டி, கேமராவின் வலப் பக்கத்துச் சக்கரத்தில் செருக வேண்டும். மற்றவர்கள் முதல் நாளே வீட்டில் வைத்துச் செய்துவிட்டார்கள். எனக்கு முதல் நாள் பரீட்சைத் தாள் திருத்தவே சரியாக இருந்தது. மலைப் பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது மடியில் வைத்து, பிளேடால் வெட்டினேன்.

பக்கத்து இருக்கையில் பழனியப்பன். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் தக்காளி போடுகிறவர், சங்கத்தில் நல்ல கை. பார்த்துக்கொண்டே வந்தவர் பொறுக்காமல் கேட்டார்:

"ஏனுங்க டீச்சர், மேல போயி வெட்டிக்கலாமுங்களே. நான் வேணா போட்டுத் தரட்டுங்களா?"

"வேண்டாங்க. எனக்குத் தெரியும்."

பதினான்கு ஆண்களுக்கு நடுவில் இருக்கிறவள் எதையும் கேட்டு வாங்கக் கூடாது என்று ஒரு வீம்பு. கோணலாக வெட்டிய நாக்கு, லீவரைத் தள்ளிய முதல் தடவையே சக்கரத்திலிருந்து நழுவியிருக்கிறது. மூடியை மூடியாயிற்று. அதன்பிறகு காலை முழுக்க, தெரியும் என்று சொன்ன வாயோடு மலை, பள்ளத்தாக்கு, குதிரை, மூடுபனி என்று சுட்டுத் தள்ளினேன்.

இப்போது நான்கு மணி. பள்ளிக்கூட வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். முதலில் தோன்றியது வீட்டுக்குப் போய்விடலாம் என்பதுதான். பஸ் இல்லை. யாரிடமாவது சொல்லலாமா? பழனியப்பன் முகம் நினைவுக்கு வந்தது. சொல்ல மாட்டேன்.

அதன்பிறகுதான் கணக்கு டீச்சர் விழித்துக்கொண்டாள். பிலிம் நகரவில்லை என்றால் எதுவும் பதியவில்லை. எதுவும் பதியவில்லை என்றால் ரோல் புதுசு. முப்பத்தாறும் அப்படியே என் கையில் இருக்கிறது. மலையில் வெளிச்சம்தான் இன்னும் ஒரு மணி நேரமே இருக்கிறது.

நான் தங்கிய டீச்சர் வீட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, உள்ளே கேமராவைத் திறந்தேன். முனை டப்பியின் வாயிலேயே சுருண்டு கிடந்தது. விரலால் தடவியே நேராக வெட்டிச் செருகினேன். மூடியை மூடி, வெளியே வந்து, குமிழைப் பார்த்துக்கொண்டே லீவரைத் தள்ளினேன்.

சுற்றியது.

செல்லாயி அக்கா

மலை உச்சிக்கு மறுபடி போக நேரமில்லை. காலையில் எடுத்த நாற்பத்தொன்றில் எதைத் திரும்ப எடுக்க ஆசை என்று என்னையே கேட்டேன். எதையும் இல்லை. மனதை உறுத்தியது ஒன்றே ஒன்றுதான், அதுவும் நல்ல படம் என்பதால் அல்ல.

காலையில் ஒரு வீட்டு வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த பெண்மணி என்னைக் கூப்பிட்டார். செல்லாயி என்று பேர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தன்னை ஒரு படம் எடுக்கச் சொன்னார். சரி என்றேன். உள்ளே போனவர் அரை மணி நேரம் என்னைக் காக்கவைத்துவிட்டு, கல்யாணப் பட்டுச்சேலை கட்டி, பவுடர் பூசி வந்து நின்றார். கை காலை ஒட்டி, மூச்சடக்கி, தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல. இரண்டு படம் வீணாகிறதே என்று உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டே அமுக்கினேன். பிரதி அனுப்புவதாக வாக்கும் கொடுத்தேன். மனுஷி என் கையைப் பிடித்துக்கொண்டு, தன்னை யாரும் இதுவரை தனியாகப் படம் எடுத்ததில்லை என்றார்.

அவர் வீட்டுக்குப் போனேன். இப்போது பட்டுச்சேலை இல்லை. சேலைக்கு மேல் புருஷனின் பழைய சட்டை. சாக்கின் மேல் குவித்த மிளகுக் கொத்துகளைக் காலால் மிதித்து உதிர்த்துக்கொண்டிருந்தார். காலெல்லாம் மிளகின் பச்சைத் தோல். பேசிக்கொண்டே வெளிச்சம் பார்த்து வைத்தேன், ஆனால் அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன். கேமராவுக்குள் ரோல் ஓடவில்லை, தப்பு என்னுடையது.

"அப்ப காலைல நான் நின்னது?"

"பதியலக்கா."

"பட்டுச்சேலை கட்டி, பவுடர் போட்டு, வெயில்ல அம்புட்டு நேரம் நின்னேனே?"

"ஒண்ணுமே பதியல."

என்னையே பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த மிளகுக் குவியல் மேலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே பதினோரு படம் எடுத்தேன், மீதியை இருட்டுவதற்குள் அந்தத் தெருவில் முடித்தேன். ஒவ்வொரு தடவையும் குமிழைப் பார்த்துக்கொண்டேன்.

அரம் நிற்கவில்லை

ஞாயிறு காலை. கோயில் விட்டு வந்தவர்கள், தோட்டத்துக்குப் போகிற வழியில் நின்றவர்கள் என்று பள்ளிக்கூட மைதானத்தில் நல்ல கூட்டம். பத்து மணிக்கு, செல்லாயி அக்காவின் சிரிப்புக்குக் கீழே இருந்த என் கொட்டாங்கச்சி இரண்டாவதோ மூன்றாவதோ இருந்தது. அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நின்றேன்.

படிக்கட்டில் லூர்து அண்ணன் உட்கார்ந்து அரத்தை எடுத்துவிட்டார். சர், சர் என்று சத்தம் கேட்டதும் அது என் சாவி என்று தெரிந்தது.

அப்போதுதான் செல்லாயி அக்கா வந்தார், மறுபடியும் அதே பட்டுச்சேலையில். கயிற்றில் தன் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சுற்றி நின்றவர்களுக்குக் கதையைச் சொல்லத் தொடங்கினார். காலையில் நின்றது, ரோல் ஓடாதது, சாயங்காலம் டீச்சர் மூஞ்சியைத் தொங்கப்போட்டு வந்தது எல்லாம். அவருக்குக் கணீரென்ற குரல். துரைராஜ் சார் காதில் முழுக்க விழுந்தது.

அவர் என்னிடம் வந்தார். கோபமாக இல்லை, கணக்காகக் கேட்டார்.

"நேத்து மொத்தம் எத்தனை தடவை அமுக்குனீங்க டீச்சரம்மா?"

"நாற்பத்தொண்ணு. அப்புறம் முப்பத்தாறு."

"எழுபத்தேழு. மத்தவங்களுக்கெல்லாம் ஒரு ரோல் அளவுதான்."

கூட்டல் சரி. கணக்கு டீச்சரால் என்ன சொல்ல முடியும்?

இட்லித் தட்டோடு வழக்கு நடந்தது. காலை முழுக்க ஒத்திகை பார்த்துவிட்டு மாலையில் எடுத்தால் அது மற்றவர்களுக்கு அநியாயம் என்று ஒருவர் சொன்னார். தோட்டா இல்லாத துப்பாக்கியைச் சுட்டால் அதை வேட்டையில் சேர்ப்பார்களா என்று பழனியப்பன் எனக்காகக் கேட்டார். வண்டி நகராவிட்டாலும் பச்சைக் கொடி காட்டியதை நோட்டில் எழுதத்தான் வேண்டும் என்றார் துரைராஜ் சார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இவ்வளவுக்கும் நடுவில் அரச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"லூர்து, செத்த நிறுத்துப்பா. இன்னும் முடிவாகல" என்றார் துரைராஜ் சார்.

"நீங்க பேசுங்க சார். நான் பாட்டுக்கு என் வேலையப் பாக்குறேன்" என்றார் அண்ணன். தலையை நிமிர்த்தவில்லை. கொஞ்சம் ராவி, ஊதிவிட்டு, அப்புறம் சொன்னார்: "என் தங்கச்சி கல்யாணத்துல எனக்கும் ரோல் ஓடல சார். கழுவுறப்போ கெட்டுப்போச்சுன்னு வீட்ல பொய் சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்காக. இந்தத் தங்கச்சி நேர்ல போயிச் சொல்லிருக்கு. சொன்னதுனாலதான அந்தம்மா சிரிச்சுச்சு. அந்தச் சிரிப்பத்தான தொங்கவிட்ருக்கோம்."

நாலைந்து பேர் இட்லியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் ரோலும் எப்போதோ ஓடாமல் போயிருக்கிறது என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது.

துரைராஜ் சார் என் பிலிமைக் கேட்டார். கொடுத்தேன். வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஒவ்வொரு கட்டமாக எண்ணினார். செல்லாயி அக்காவின் பதினொன்றில் வெகுநேரம் நின்றார். உதடு லேசாக விரிந்ததைப் பார்த்தேன்.

"முப்பத்தாறுதான் இருக்கு. இருக்கிறதைத்தான் எண்ண முடியும்" என்றார். கன்னிவாடியில் சொன்ன அதே வாக்கியம். "குடுத்துரு லூர்து."

அண்ணன் கொடுத்த சாவி சூடாக இருந்தது.

அனுப்பாத படம்

திங்கட்கிழமை நாலரைக்கு நாகல்நகர் போனேன். புதுச் சாவி கொஞ்சம் முரண்டு பிடித்துத் திறந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கைப் போடாமல் சும்மா நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. அந்த இருட்டில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதலில் போட்டது செல்லாயி அக்காவின் சிரிப்பு, பெரிய அளவில். சிறுமலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். ஒரு வாரம் கழித்து அவர் பதில் கொண்டுவந்தார். படம் நன்றாகத்தான் இருக்கிறதாம். ஆனால் புருஷன் சட்டையோடு பல் தெரிய உட்கார்ந்திருப்பதைச் சம்பந்தி வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அக்கா அதை டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாராம். பட்டுச்சேலை கட்டிய படம் எப்போது வரும் என்று கேட்கச் சொன்னாராம்.

எனக்குச் சுருக்கென்றது. எனக்குச் சாவி வாங்கிக் கொடுத்த படத்தைப் பெட்டிக்கு அடியிலா என்று இரண்டு நாள் பொருமினேன். மூன்றாம் நாள் பொருமல் அடங்கியது. சிரிப்புப் படம் எனக்கு வேண்டியது, எனக்குக் கிடைத்துவிட்டது. அவர் அரை மணி நேரம் அலங்கரித்துக்கொண்டு கேட்டதை நான் இன்னும் கொடுக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சங்கத்தில் எல்லார் கையிலும் டிஜிட்டல் வந்துவிட்டது. பெண்களே ஆறு பேர் ஆகிவிட்டோம். ஒரு வருஷம் மறுபடி சிறுமலையில் கூடினோம். செல்லாயி அக்கா வீட்டில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் பட்டுச்சேலைப் படம் மாட்டியிருந்ததைப் பார்த்தேன். அவரைப் படம் எடுக்க வந்த ஒவ்வொருவரிடமும் அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் நின்றார். புதியவர்களுக்கு அது விளங்கவில்லை.

அந்தக் கேள்வியை முதலில் அவர் என்னிடம்தான் கேட்டார். கண்டக்டர் பதில் கொண்டுவந்த அடுத்த ஞாயிறு, கேமராவோடு மலையேறினேன். முனையை வீட்டிலேயே வைத்து, கத்தரிக்கோலால் நேராக வெட்டியிருந்தேன். அக்கா என்னைக் கண்டதும் நேராக உள்ளே போனார். அரை மணி நேரம் கழித்துப் பட்டுச்சேலையில் வந்தார். வாசலில் நிற்கப் போனவர் பாதியில் திரும்பினார்.

"ஓடுதா?"

லீவரைத் தள்ளிக் காட்டினேன். கிட்டே வந்து, குனிந்து, குமிழ் சுற்றுவதைப் பார்த்தார்.

"இன்னொருக்கா."

சும்மா ஒன்று அமுக்கிவிட்டு இன்னொரு தடவை தள்ளினேன். சுற்றியது. சரி என்று தலையை ஆட்டினார். போய் நின்று, கை காலை ஒட்டி, உதட்டில் இருந்த சிரிப்பை முந்தானையால் துடைத்துக்கொண்டு, மூச்சை அடக்கினார்.

எடுத்தேன்.